அடுக்கில் மீந்த பெட்டி

அவள் மருந்தாளுநர். ஆனால் ஆறு வருடமாக ஒரு மாத்திரையைக்கூட யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. மருந்துக் கடைகளில் கவுண்டரில் நிற்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இப்போது அவளுடைய வேலை. மாதம் ஒரு வகுப்பு, வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். சுகாதார அலுவலக மாடியில் நீளமான ஓர் அறை, அதன் நடுவில் மேசை நிறைய காலி மருந்துப் பெட்டிகள். ஒரே நிறம், ஒரே எழுத்து, பெயரில் மட்டும் ஓரெழுத்து வித்தியாசம் என்று பொறுக்கிச் சேர்த்தவை. அவற்றைக் கலைத்துப் போட்டுப் பிரிக்கச் சொல்வாள். சும்மா பிரிக்க விடமாட்டாள். பக்கத்தில் நின்று பஸ் போய்விடும், குழந்தை அழுகிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று நச்சரிப்பாள். அந்த நச்சரிப்பில் பாதிப் பேர் தப்பு செய்துவிடுவார்கள். கடையில் நிற்கும்போதும் இப்படித்தான் இருக்கும் என்பாள்.

மூன்றாம் நாள் பாடம், வாரம் ஒரு தடவை போடுகிற மாத்திரை. அதை எப்போதும் "ஒரு கடையில் நடந்தது" என்றுதான் ஆரம்பிப்பாள். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. லேபிளில் தினமும் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிப் போனவர் ஒரு தையல்காரம்மா. சொன்ன சொல் தவறாமல் பதினாறு நாள் போட்டார். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் பதினேழாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

அந்தக் கடை அவளுடையது என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது. விசாரணை நடந்தது. டாக்டரின் கையெழுத்தும் சரியில்லை என்று சொல்லி ஆறு மாதம் உரிமத்தை நிறுத்தி வைத்ததோடு விட்டுவிட்டார்கள். உரிமம் திரும்பி வந்தும் அவள் கவுண்டர் பக்கம் போகவில்லை. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அதிகம் பேசாதவர், ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும் சொல்லிவிட்டார்.

"நானும்தான் சொல்லித் தர்றேன். வண்டியத் தொடாம எத்தனை நாளைக்கு நீ சொல்லித் தருவே?"

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை.

இந்த மாத வகுப்பில் ஒருவர் இருந்தார், ஐம்பத்திரண்டு வயது. முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். அந்தப் பஸ் கம்பெனி மூடியதும் தெரிந்தவர் மூலம் ஒரு மருந்துக் கடைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. எல்லாரும் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். முதல் இரண்டு நாளும் அவர் வாய் ஓயவில்லை. அவள் நச்சரித்தால், "படியில நிக்காதீங்க, உள்ள ஏறி வாங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே பெட்டி பிரிப்பார். அறையே சிரிக்கும்.

மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை. தையல்காரம்மாவின் கதை முடிந்து அவள் பக்கத்தைப் புரட்டப் போகும்போது கையைத் தூக்கியபடி எழுந்தார். அந்த லேபிளை எழுதியவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார். வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று வழக்கமான பதிலைச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"அவங்களுக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம் வந்திருக்குமா டீச்சர்?"

இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கணவர்கூடக் கேட்டதில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் மாலையே வந்தது. கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது திடீரென்று, டாக்டர் சீட்டில் வாரம் என்றல்லவா இருந்தது என்று மனசுக்குள் ஏதோ இடித்தது. போன் நம்பர் பதிவேட்டில் இருந்தது. கூட்டம் குறையட்டும் என்று நினைத்தாள். குறைந்ததும், அதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலையில் அது மறந்தே போனது.

கையிலிருந்த தாளை மேசையில் வைத்தாள்.

"வந்துச்சு. போன் பண்ணியிருக்கலாம், பண்ணல. அத எழுதினது நான்தான்."

பத்து நிமிஷம் இடைவேளை என்று மட்டும் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். கண்டக்டர் பின்னாலேயே வந்தார். சுவரைப் பார்த்தபடி பேசினார்.

மூன்று நாளைக்கு முன்னால், வகுப்புக்கு வருவதற்கு முந்தின நாள், ஒரு வயதானம்மாவுக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுத்தாராம். அடுக்கில் இரண்டே பெட்டிதான் இருந்தது. கடை சாத்தும்போது பார்த்தால் அப்போதும் இரண்டு பெட்டி. பக்கத்து அடுக்கில் அதே நீலக் கோடு போட்ட சர்க்கரை மாத்திரைப் பெட்டி ஒன்று குறைந்தது. வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

"யாரும் எடுக்கல டீச்சர். எனக்குத் தெரியும். இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற எதுவும் தெரியாது. அதான் சொல்லல."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்ட அது நேரமும் இல்லை. அந்தம்மாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். அப்படியானால் அந்த மாத்திரை ரத்தத்தில் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடும். கடைக்குப் போன் போட்டுப் பதிவேட்டிலிருந்து நம்பரையும் விலாசத்தையும் வாங்கினாள். நம்பரில் யாரும் எடுக்கவில்லை. வகுப்பிலிருந்த ஒரு பெண்ணிடம் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து இருவரும் அந்த விலாசத்துக்குப் போனார்கள். வழியிலேயே ஆம்புலன்சுக்கும் சொன்னாள்.

அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. அந்தம்மா நாற்காலியில் சரிந்து கிடந்தார். ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து, "நேத்திலேர்ந்து தூக்கம் தூக்கமா வருது" என்று குழறினார். முழுங்க முடிகிறதா என்று ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரையைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். கண்டக்டர் பின்னால் நின்று அந்தம்மாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தார். அலமாரிமேல் நீலக் கோடு போட்ட பெட்டி இருந்தது. அதன்மேல் கண்டக்டரின் கையெழுத்தில், காலையில் ஒன்று என்ற லேபிள்.

இந்த மருந்து உடம்பைவிட்டு லேசில் இறங்காது என்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலையிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்த மகளிடம் கண்டக்டர் தானே போய், பெட்டியை மாற்றிக் கொடுத்தது நான்தான் என்றார். அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு நாளா எங்க போயிருந்தீங்க?"

மகள் அதற்குமேல் அவரோடு பேசவேயில்லை. அந்தக் கடைப் படியையும் அப்புறம் மிதிக்கவில்லை.

கடைக்காரர் அன்றே அவரை அனுப்பிவிடுகிறேன் என்று குதித்தார். அவள் கடைக்கு நேரில் போய்ப் பேசினாள். இவரை அனுப்பிவிட்டால் அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், ஆள்தான் சாகும் என்றாள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டியைப் பக்கத்துப் பக்கத்து அடுக்கில் வைத்தது யார் என்றும் கேட்டாள். கடைசியில் கண்டக்டர் இரண்டு மாதம் கவுண்டரில் நிற்கக்கூடாது, பயிற்சியை முதலிலிருந்து முடிக்க வேண்டும் என்று முடிவானது.

வீட்டில் கணவரிடம் அந்த மாலைநேரச் சந்தேகத்தைச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். பிறகு, இதை நீ சொல்ல வேண்டியவர் வேறொருவர் இருக்கிறார் என்றார். ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மாவின் கணவரைப் பார்க்க இருவருமாகப் போனார்கள். மகளின் வீட்டில் முன்னறையில் ஒரு கட்டிலோடு இருந்தார் அந்தப் பெரியவர். அவள் எதையும் மழுப்பாமல் சொன்னாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், சந்தேகம் வந்தது எந்த நாள் என்று. மருந்து வாங்கிய மறுநாள் என்றாள்.

"அப்ப ரெண்டு மாத்திரைதான் போட்டிருப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் வாசல்வரை வந்து கதவைச் சாத்தினாள். மன்னிப்பு என்ற பேச்சே அங்கே எழவில்லை. அவளும் அதைக் கேட்டு வாங்கப் போகவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கண்டக்டர் வேலை பார்க்கும் கடையில் மருந்தாளுநராக நிற்க ஒப்புக்கொண்டாள். முதல் நாள் வந்தவர் ஒரு தச்சர். கையில் ஆணி கிழித்த காயம், ஐந்து நாளைக்கு மாத்திரை. அவள் லேபிள் எழுதினாள். எழுதியதைச் சீட்டோடு ஒப்பிட்டு ஒருமுறை படித்தாள், மறுமுறையும் படித்தாள். அப்படியும் மனம் ஒப்பவில்லை. உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கண்டக்டரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகச் சத்தம்போட்டுப் படித்தார். தச்சர் அவசரப்படாமல் காத்திருந்தார்.