பெரிய மாப்பிள்ளை பிடித்த குவாலிஸ்

பெருமாள்சாமிக்கு நாகல் நகரில் பாத்திரக்கடை. சொந்தமாகக் கார் கிடையாது. கிடையாது என்பதை அவர் ஒரு கொள்கையாகவே வளர்த்து வைத்திருந்தார். குக்கர் வாங்க வந்தவர்களும் அந்தக் கொள்கையைக் கேட்டு முடித்த பிறகுதான் பில் வாங்க முடியும்.

"சொந்தக் காரு வச்சிருக்கவன் நிக்கிற வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டணும், டயரு மாத்தணும், மழை பேஞ்சா மூடணும். வாடகை வண்டின்னா ஒரு போனு. வாசல்ல வந்து நிக்கும். எறங்கிட்டோம்னா அது யாரோ, நாம யாரோ."

கொள்கைக்கு ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. அதன் பெயர் மதியழகன். பெருமாள்சாமியின் மனைவி சண்முகவள்ளியின் தங்கை மலர்விழியைக் கட்டியவர். சின்னாளப்பட்டியில் சேலைக்கடை வைத்திருந்த இந்தச் சகலை, போன வருஷம் வெள்ளை மாருதி ஒன்றில் கீரனூர் மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்கியிருந்தார். அன்றிலிருந்து மாமனார் நாச்சிமுத்து பேச்சைத் தொடங்குவதே "நம்ம சின்ன மாப்ள கார்ல" என்றுதான். தென்னைக்கு உரம் வைப்பது பற்றிப் பேசினாலும் அந்தக் கார் எப்படியோ தோப்புக்குள் நுழைந்துவிடும். பதினைந்து வருஷமாக விசேஷத்துக்கு விசேஷம் வாடகை அம்பாசிடரில் போய் இறங்கியவர் பெருமாள்சாமி. அதை ஒரு நாளும் யாரும் பெரிய மாப்பிள்ளை கார் என்று சொன்னதில்லை.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு எதிரே ஒரு வெள்ளை மாருதி வந்து நின்றது. பின்கண்ணாடிக்குள் தொங்கிய பிளாஸ்டிக் பலகையில் 'அறிவுச்செல்வி' என்று எழுதியிருந்தது. மதியழகனின் காரில் தொங்குவது அவர் பிள்ளைகளின் பெயர்: முகேஷ்குமார், தமிழ்மதி. ஆகவே இது வேறு கார் என்று பெருமாள்சாமி நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்பரைப் பார்த்தார். அதே நம்பர்.

காரிலிருந்து இறங்கியவரை விடவில்லை. உள்ளே கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். வந்தவர் அன்புமணி, சின்னாளப்பட்டியில் மருந்துக்கடைக்காரர்.

"இது நாலு பேரு பங்கு வண்டி சார்," என்றார் அன்புமணி. "நானு, மதியழகன், அப்பறம் ரெண்டு வாத்தியாரு. ஆளுக்கு ஒரு வாரம். பெட்ரோலு அவங்கவங்க, ரிப்பேரு பொது. வாரம் மாறுனா பின்னாடி இருக்க போர்டையும் மாத்திக்கிருவோம். பிள்ளைக ஆசப்படுதுல்ல."

அன்று பெருமாள்சாமி கடையைச் சீக்கிரமே அடைத்தார். வீட்டுக்குள் நுழையும்போது முகத்தில் தீபாவளி.

"வள்ளி, ஒந் தங்கச்சி புருசன் வச்சிருக்கது காரு இல்ல. கால்வாசிக் காரு. நாலுல ஒரு சக்கரந்தான் அவனுது."

சண்முகவள்ளி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கால்வாசின்னாலும் அது அவங்க காருங்க. நாம போறது முழுசும் அடுத்தவன் காரு."

தீபாவளி அணைந்தது. இரவுச் சாப்பாட்டில் வெஞ்சனத்துக்கு உப்பு பற்றவில்லை என்று அவர் சண்டை பிடித்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்தத் தை மாதம் நாச்சிமுத்துவுக்கு அறுபது முடிந்தது. மணிவிழாவைப் பழனியில் ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். கீரனூரிலிருந்து மாமனாரும் மாமியார் சிவனம்மாளும் மாலையோடு கிளம்பி, மாப்பிள்ளை காரில் பழனிக்குப் போவதாக ஏற்பாடு. எந்த மாப்பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அதுதான் பெருமாள்சாமியைத் தூங்கவிடாமல் செய்தது. ஊரே வாசலில் நின்று பார்க்கும் அந்த ஒரு நாளில் மாமனார் தன் வண்டியில் ஏற வேண்டும். மற்ற நாளெல்லாம் சகலை காரில் சுற்றட்டும், போகட்டும்.

விழா நாள் அன்புமணியின் வாரத்தில் வந்தது. மதியழகன் முன்கூட்டியே கேட்டு அந்த ஒரு நாளை வாங்கி வைத்திருந்தார். இதை மனைவி வழியாகத் தெரிந்துகொண்ட பெருமாள்சாமி, மறுநாளே சின்னாளப்பட்டிக்கு பஸ் ஏறி மருந்துக்கடைக்குப் போனார். தலைவலித் தைலம் ஒன்று கேட்டார்.

"வார ஞாயித்துக்கிழமை பெரிய முகூர்த்தமாச்சே. ஒங்களுக்கு எங்கயும் போறது வாரது இல்லையா?"

"வத்தலக்குண்டுல மச்சினன் வீடு பால் காய்ச்சுறான் சார். பஸ்லதான் போகணும். வண்டிய மதியழகனுக்குக் குடுத்துட்டேன்."

"பஸ்லயா?" பெருமாள்சாமி தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டார். "ஒங்க வாரம், ஒங்க வண்டி. மச்சினன் வீட்டு வாசல்ல வீட்டம்மா பஸ்ஸவிட்டு வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்கணுமா? எனக்கென்ன, நான் வெளி ஆளு. பொம்பளைக மனசு தாங்காதேன்னு சொன்னேன்."

அன்புமணியின் மனைவி உள்ளே மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கும் சத்தம் நின்றது. வந்த வேலை முடிந்தது என்று பெருமாள்சாமி புரிந்துகொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும் குவாலிஸ் ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். அம்பாசிடர் போதாது. மாருதியைத் தூக்கி டிக்கியில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு வண்டி இருக்க வேண்டும் என்று டாக்ஸி ஸ்டாண்டில் அவர் சொன்னதாகக் கேள்வி.

ஞாயிறு காலையில் குவாலிஸ் வாசலுக்கு வந்தது. வாடகை வண்டி என்று சொல்லும் மஞ்சள் நம்பர் பலகை முன்னாலும் பின்னாலும் பளிச்சென்று இருந்தது. பெருமாள்சாமி பூ மார்க்கெட்டில் வாங்கிய செண்டுமல்லி மாலைகளை அவற்றின் மேல் கனமாகச் சுற்றிக் கட்டினார். மாலைக்கு நடுவில் டிரைவர் ஊதுபத்தி சொருகப் போனதைத் தடுத்துவிட்டார்.

உள்ளே டெலிபோன் மணி அடித்தது. சண்முகவள்ளி பேசிவிட்டு வந்தாள்.

"மலருங்க. அந்த மருந்துக்கடைக்காரரு தன் வாரம்னு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாராம். நம்ம வண்டிலயே வாரோம்னு சொல்லுது. சின்னாளப்பட்டிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்."

காரைத் தடுத்தால் சகலை நின்றுவிடுவார் என்று நினைத்தவர், சகலை எதில் வருவார் என்று யோசித்திருக்கவில்லை. கீரனூர் ஒரு திசை, சின்னாளப்பட்டி நேர் எதிர்த் திசை. தான் பிடித்த வண்டியில், தன் செலவில், நேர் எதிர்த் திசைக்குப் போனார்.

மதியழகன் பட்டுவேட்டியில் தயாராக நின்றார். முகத்தில் வருத்தம் என்று ஒன்றும் இல்லை.

"நல்லவேளண்ணே, நீங்க இருந்தீங்க," என்று சொல்லிக்கொண்டே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுங்கி, பெருமாள்சாமி பின்னால் ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார்.

ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டிரைவர் முந்தின ராத்திரி முழுக்கக் கல்யாண சவாரி போய் வந்தவர். கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"செத்த நேரம் நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி படுங்க," என்றார் மதியழகன். டிரைவர் கும்பிடாத குறையாகச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைசிச் சீட்டில் போய்ச் சுருண்டார். பெருமாள்சாமிக்கு வாய்வரை வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால், பதிலுக்கு வண்டியை அவரே ஓட்ட வேண்டியிருக்கும். அவருக்கு சைக்கிளோடு சரி.

இப்படியாகக் கீரனூரில் நாச்சிமுத்து வீட்டு வாசலில் குவாலிஸ் வந்து நின்றபோது, ஸ்டீயரிங்கில் இருந்து இறங்கியவர் சின்ன மாப்பிள்ளை.

நாச்சிமுத்து வண்டியைச் சுற்றி வந்தார்.

"ஏனுங் மாப்ள, அந்தச் சின்ன வண்டியக் குடுத்துப்போட்டு இத எடுத்துட்டீங்களா?"

"அய்யோ இல்லீங்க மாமா, இது அண்ணன் ஏற்பாடு," என்றார் மதியழகன். உண்மையைத்தான் சொன்னார்.

நாச்சிமுத்து பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினார். "பாத்தீங்களா? மூத்தவரு மனசு கோணக்கூடாதுன்னு எப்படி விட்டுக்குடுத்துப் பேசறாரு."

மதியழகனைக் காபிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். பெருமாள்சாமிக்கு வேறு வழியில்லை. குனிந்து, தான் கட்டிய மாலையைத் தானே பிய்த்தார்.

"மாமா, இங்க பாருங்க. மஞ்ச போர்டு. வாடகை வண்டி."

நாச்சிமுத்து கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். முகம் இன்னும் மலர்ந்தது.

"அட, மாப்ள வாடகைக்கே வண்டி விட ஆரம்பிச்சுட்டாருங்களா? நல்ல யோசனைங்க."

"நாந்தான் மாமா இத வாடகைக்குப் பிடிச்சேன். என் காசு."

நாச்சிமுத்து நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "சகலைக்கே வாடகை குடுத்தீங்களா? அவரும் வாங்கிக்கிட்டாரா? சொந்தத்துக்குள்ள அப்படிப் பாக்கக்கூடாதுங்க. நான் சொல்லித் திருப்பித் தரச் சொல்றேன், நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

பெருமாள்சாமி பிய்த்த மாலையை எடுத்து மறுபடியும் பலகையில் கட்டினார்.

மணி ஆகிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மதியழகன் ஸ்டீயரிங்கில் உட்கார, மாலையும் கழுத்துமாக மாமனார் முன்னால் ஏறினார். மாமியார், இரண்டு மகள்கள், பிள்ளைகள் ஏறினார்கள். பஸ்ஸில் போகவிருந்த பங்காளி வீட்டுப் பெரியவர்கள், "வண்டி பெருசா இருக்குதே" என்று ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். கடைசிச் சீட்டில் டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சின்ன மாப்பிள்ளையின் டவுன் சிநேகிதர் போலிருக்கிறது என்று அவரை யாரும் எழுப்பவில்லை.

"பெரிய மாப்ள, நீங்க பொறுப்பான ஆளுங்க," என்றார் நாச்சிமுத்து ஜன்னல் வழியாக. "வீட்டப் பூட்டிட்டு, இந்தத் தேங்கா மூட்டையையும் எடுத்துக்கிட்டு பஸ்ல வந்துருங்க."

மாமனார் பெருமாள்சாமியின் வண்டியில் பழனிக்குக் கிளம்பினார். ஊரே வாசலில் நின்று பார்த்தது. சண்முகவள்ளி மட்டும் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

பஸ்ஸில் தேங்காய் மூட்டையோடு ஏறியவரை, சந்தைக்குப் போகும் மூக்காயி அடையாளம் கண்டுகொண்டாள். நாச்சிமுத்து தோப்புக்குப் பக்கத்துக் காட்டில் கத்திரி போடுகிறவள்.

"ஏனுங்க, நாச்சிமுத்து வீட்டு மூத்த மாப்ளைதானுங்க நீங்க? உங்க சகலை அம்புட்டுப் பெரிய காரு கொண்டாந்தாரே, அதுல உங்களுக்கு எடமில்லீங்களா?"

பஸ்ஸில் நாலைந்து தலைகள் திரும்பின. பெருமாள்சாமி மூட்டையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்.

"எனக்குக் காரு ஒத்துக்காது தாயி. ஏறுனா வாந்தி வரும்."

மூக்காயி எழுந்து அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, பழனி வரைக்கும் மோந்துகொண்டே வரும்படி அவர் கையில் கொடுத்தாள்.