மாலை ஐந்து மணிப் பயிற்சி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கோப்பக்கா. விண்ணப்பங்களை வந்த வரிசையில் பார்க்காமல், ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக அடுக்கிப் பார்ப்பாள். மற்றவர்கள் ஆறு மணி வரை மாரடிக்கும் வேலை அவளுக்கு நாலரைக்கே முடிந்துவிடும். ஐந்தரைக்குக் குழந்தைகள் காப்பகத்தைப் பூட்டுவதற்குள் மகளைக் கூட்டிவர அவளே கண்டுபிடித்த வழி அது.

அவளுடைய காலி மேசை மேலாளரின் கண்ணை உறுத்தியது. "எப்படிம்மா முடிக்கிறீங்க?" என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டார். மறுவாரமே எல்லோருக்கும் பயிற்சி வகுப்பு. தலைப்பு, 'பதற்றமில்லாமல் பாதி நேரத்தில் வேலை'. நேரம், மாலை ஐந்து முதல் எட்டு வரை.

கோட்டு போட்ட பயிற்சியாளர் திரையில் முதல் பாடத்தைக் காட்டினார்: ஒரே மாதிரி வேலைகளை ஒன்றாக முடியுங்கள்.

"இது உங்க மேலாளரோட சொந்த யோசனை" என்றார். மேலாளர் அடக்கமாகத் தலைகுனிந்து கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

கோப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாய மூடிக்கிட்டு தட்டும்மா" என்று கிசுகிசுத்தார் பக்கத்து மேசைக்காரர்.

இரண்டாம் பாடம் வந்தது: பயனில்லாத கூட்டங்களைத் தவிருங்கள்.

மணி ஐந்தே கால். அவள் பையோடு எழுந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? இன்னும் எட்டுப் பாடம் இருக்கு" என்றார் மேலாளர்.

"முதல் பாடம் நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது சார். ரெண்டாவது இவர் எனக்குச் சொல்லிக் குடுத்தது. கணக்கு சரியாப் போச்சு. எம்பொண்ணு காத்துக்கிட்டிருப்பா."

அவள் போன பிறகு திரையில் மூன்றாம் பாடம் வந்தது: முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

பக்கத்து மேசைக்காரர் குனிந்து தன் பையைத் தேடத் தொடங்கினார்.