மிர்ஸா வீட்டு மூத்த பெண்

ஸமீரா காலை ஐந்தரைக்கு இறந்தாள். தன் அம்மாவுக்குப் பக்கத்தில், ஈரானியர் கபர்ஸ்தானில் அடக்கம் செய்ய வேண்டும் என்று மூன்று மாதமாக அந்த ஒன்றைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நடக்காது என்று தெரியும். காரணமே நான்தான்.

அழுகை வரவில்லை. முகத்தை ஐந்து தடவை கழுவினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரங்கூன் லான்மடா பேட்டையில் எனக்கு டைப்பிங் கடை. ஏழு வருஷத்துக்கு முன் ஈரானியர் சங்கத்தார் ஒரு புத்தகம் செய்ய வந்தார்கள். ஷிராஸ், இஸ்ஃபஹான் பக்கமிருந்து ரங்கூனுக்கு வந்த குடும்பங்கள், அவர்கள் வாரிசுகள், செய்த சாதனைகள். தேயிலை வியாபாரி, அச்சகக்காரர், கண் டாக்டர், கால்பந்து கோல்கீப்பர் என்று அத்தனை பேரையும் நான்தான் தட்டினேன். கோல்கீப்பர் விட்ட கோல்களைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. பிழை பார்ப்பதில் நான் எமகாதகன்.

கண் டாக்டர் மிர்ஸா பாகிரின் மூத்த மகள்தான் ஸமீரா. அவள் பெயர் வந்ததும் என் கை நின்றுவிட்டது. பெயருக்கு எதிரே கல்யாண விவரம் போட வேண்டும். சங்கம் ஒப்புக்கொண்ட நிக்காஹ் மட்டும்தான் அதில் ஏறும். அவளோ இந்துவான என்னைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். ஆக, ‘திருமணமாகாதவர்’ என்று போட வேண்டும். இருபது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளை என் கையாலேயே அப்படித் தட்டுவதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பெயரோடு அந்த வரியையே தூக்கிவிட்டேன். சங்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். புத்தகத்தை மூடி வைத்தாள்.

கபர்ஸ்தானில் இடம் குறைந்துபோனதால், இப்போது அந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் குழி தோண்ட விடுவார்கள்.

எட்டு மணிக்குச் சங்க ஆபீஸுக்குப் போனேன். செயலாளர் ஜுல்ஃபிகர் அவளுடைய சொந்தத் தம்பி. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார்.

“அக்கா பேரு இல்லையே, கோ சேகர். மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க.” அண்ணன் என்பதற்குப் பர்மிய வழக்கில் ‘கோ’ போட்டுத்தான் கூப்பிட்டார்.

எடுத்தது நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. புத்தகம் செய்தவரே பெயர் விட்டுப்போனது என்று எழுதிக் கொடுத்தால் சேர்த்துவிடலாம் என்றார்.

“ஆனா வரிய முழுசா எழுதணும்” என்றார், மேஜையைப் பார்த்துக்கொண்டே.

அங்கேயே உட்கார்ந்து தட்டினேன். ஸமீரா, மிர்ஸா பாகிரின் மூத்த மகள், திருமணமாகாதவர். பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். இல்லை. கையெழுத்துப் போட்டேன். சங்கத்துப் பெரியவர்கள் மூன்று பேர் வந்து அதை வாங்கிப் படித்துவிட்டுத் தலையசைத்தார்கள்.

நாலு மணிக்குக் கபர்ஸ்தானில் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றார்கள். அவள் கேட்ட இடத்திலேயே, அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி. அவள் ஆசை நிறைவேறிவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எதுவுமே தோன்றவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொழ வைக்க வந்த மௌலானா ஊருக்குப் புதியவர். எங்கள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. பெண்ணை அடக்கம் செய்யும்போது குழிக்குள் இறங்கி உடலை வாங்கி வைக்கும் உரிமை முதலில் கணவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

“கணவர் வந்திருக்காரா?”

நான் எழுதிக் கொடுத்ததைப் படித்த அந்த மூன்று பெரியவர்களும் என்னையே பார்த்தார்கள். ஜுல்ஃபிகரும் பார்த்தார். நான் ஆமாம் என்றிருந்தால் அவர் மட்டும் தடுத்திருக்க மாட்டார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

“இல்லைங்க. இவங்களுக்குக் கல்யாணம் ஆகல” என்றேன்.

ஜுல்ஃபிகர் குழிக்குள் இறங்கினார். அவளைத் தூக்கி வருபவர்களுக்கு வழிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன்.