சாருஜன் காத்த வலை

குளிர்நாட்டு நகரான வைலேயில் குடியேறிய தவராஜாவின் குடும்பம் விளையாட்டுக் குடும்பம். அவர் யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற கரப்பந்தாட்டக்காரர். மகள் அபிதா இங்குள்ள தமிழர் கரப்பந்தாட்ட அணியின் தலைவி. இளையவன் சாருஜன் மட்டும் பனி ஹொக்கிக்குப் போனான்.

"சறுக்கி விழுறதும் ஒரு விளையாட்டோடா?" என்று தந்தை கேலி செய்வார்.

அந்தச் சனிக்கிழமை அவன் முதன்முறையாகத் தன் கழகத்தின் முதல் அணிக்குக் கோல் காத்தான். வீட்டாருக்கென மூன்று இருக்கைகளைப் பதிந்து வைத்திருந்தான். அன்றே தொலைவிலுள்ள ஹ்விடோவ்ரே நகரில் அபிதாவின் இறுதிப் போட்டி. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

எதிரணி அடித்த ரப்பர் வட்டை ஒருமுறைகூட அவன் வலைக்குள் விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் தோழர்கள் அவனைக் கட்டித் தழுவினர். பின்னர் தத்தம் பெற்றோரிடம் சென்றனர். உடைமாற்றும் அறையில் தனித்திருந்து அவன் தந்தையை அழைத்தான்.

"வெண்டிட்டியளோ?"

"ஓம், அப்பா."

"கெட்டிக்காரன்! நீ எத்தினை கோல் அடிச்சனீ?"

ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்த்திராத அவருக்கு, மகன் களத்தில் எங்கே நிற்பவன் என்பதே தெரிந்திருக்கவில்லை.

"நான் ஒண்டும் அடிக்கேல்லை."

"அதுக்கென்ன, மனம் விடாதை. அடுத்த முறை அடிப்பாய்."

சாருஜன் விளக்கிச் சொல்ல வாயெடுத்தான். மறுமுனையில் வெற்றி ஆரவாரம் கேட்டது.

"அக்கா என்னமாதிரி விளையாடினவ?" என்றான்.

தந்தையின் குரல் மலர்ந்தது. முதற்புள்ளியிலிருந்து அவர் சொல்லத் தொடங்கினார். கால்கவசத்தின் வார்களை மெல்ல அவிழ்த்தபடி, அவன் கடைசிப் புள்ளிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.