பின்னறையை இடித்தவள்

என் தங்கச்சி ஸில்மியா வாயிலிருந்து எனக்கென்று ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. வந்திருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன் என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். அது பொய். நல்ல வார்த்தை என்றால் நான் கேட்பேன். அவள் பேசுவதெல்லாம் குத்தல்.

எங்கள் இருவரின் வீடுகளும் ஏறாவூரில் ஒரே வளவுக்குள், நடுவில் ஒரு வேலியோடு இருக்கின்றன. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணத்தோடு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் அதன் பின்னறைக்கு ஒதுங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். வாப்பாவும் உம்மாவும் பெரிய வீட்டை எனக்குத் தந்துவிட்டு அப்படித்தான் பின்னறைக்குப் போனார்கள். பிறகு மிச்சமிருந்த துண்டு நிலத்தில் ஒரு சின்ன வீட்டைக் கட்டி ஸில்மியாவுக்குக் கொடுத்தார்கள். பெரியது எனக்கு, சின்னது அவளுக்கு. அன்றிலிருந்து அவள் அதையே மென்றுகொண்டிருக்கிறாள்.

அவளுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். நாளைக்கு இரண்டு பேரும் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவேண்டியதில்லை. சாகும்வரை அவள் வீடு அவளுக்கு. எனக்கு ஒரே மகள், ரிப்கா. என் வீடு அவளுக்கு. அதனால்தான் நான் அந்த வீட்டை அப்படிப் பார்த்துக்கொண்டேன். பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கம் பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார்கள், வீட்டை நான்கு தடவை பார்ப்பார்கள்.

வீட்டை எப்படி வைத்திருக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவள் கொழும்பிலுள்ள ஒருத்தி. கையில் கோப்பிக் கோப்பையோடு வந்து கிழமைக்கு இரண்டு வீடியோ போடுவாள். அவள் சொல்லித்தான் தங்கக் கரை வைத்த மெரூன் திரைச்சீலை போட்டேன். ஒரு வருஷத்தில் அது பழசு என்றாள். கழற்றினேன். ஜிப்சம் சீலிங் அடித்து அதற்குள் நிறம் மாறும் லைட் வைத்தேன். அது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று வீடியோவில் யாருக்கோ சொன்னாள். எனக்கே சொன்னது போலச் சுட்டது. லைட்டைப் பிடுங்கினேன். சாம்பல் நிறம் வந்தது, வீடு முழுக்கச் சாம்பல் அடித்தேன். செங்கல் படம் போட்ட சுவர்த்தாள் வந்தது, ஒட்டினேன். பக்கத்து வாவியிலிருந்து வந்த ஈரம் அதை மூன்று மாதத்தில் உரித்துப்போட்டது. சின்ன அறையின் கதவை எடுத்து அதை உடுப்பு அலுமாரிகளுக்கென்றே ஆக்கினேன். அதற்கு டிரெஸிங் ரூம் என்று பெயர். ஒவ்வொரு தடவையும் ஸில்மியா வேலிப்பக்கம் நின்று, "றாத்தா, இந்த மொற ஊடு ஐஸ்கிறீம் கட மாதிரி வந்திரிக்கி" என்பாள். அக்கா என்று றாத்தா, நீங்க போட்டு மரியாதையாகத்தான் பேசுவாள். மரியாதையை அவள் ஊசியாகத்தான் பாவிப்பாள்.

போன வருஷம் ஓட்டமாவடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் றிப்ஷான், வந்தாறுமூலைக் கம்பஸில் விரிவுரையாளர். ரிப்கா அங்கேதான் படித்தாள். அவன் பெயரை எடுத்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். அதுவே எனக்குப் போதும். ஆனால் அவனுடைய தாய், சித்தி நபீஸா என்று பெயர், லேசுப்பட்ட ஆள் இல்லை. எங்கள் ஊரிலேயே மூன்று வீடு பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர். ஒரு வீட்டில் டைல்ஸ் பழசாம். இன்னொன்றில் குசினி இருட்டாம். எங்களிடமும் முதலில் வீட்டை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அந்தக் கிழமைதான் கொழும்புக்காரி சொன்னாள், இனிக் குசினிக்குச் சுவர் இருக்கப்படாது என்று. ஓபன் கிச்சன், நடுவில் ஐலண்ட் என்று ஒரு பெரிய மேடை, அதற்கு மேலே தொங்கும் மூன்று லாம்பு. எனக்கு நித்திரை போய்விட்டது. என் குசினிக்கு நான்கு சுவரும் இருந்தன.

காத்தான்குடியிலிருந்து நௌஷாட் என்ற டிசைனரைக் கூப்பிட்டேன். டேப்பை இழுத்து அளந்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"குசினிச் செவர மட்டும் எடுத்தாப் பத்தா. ஐலண்டுக்கு எடம் காணா. பின்னறயயும் எடுக்கணும்."

"எடுங்க."

"யோசிச்சுச் செல்லுங்க. அந்த அற ஒங்களுக்குத் தேவப்படாதா?"

"சட்டி பானதான் கெடக்கு. எடுங்க தம்பி."

இப்போது கேட்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், யோசிக்கவில்லையா என்று. யோசிக்கவில்லை. என் புருஷன் நஸீர் பதினான்கு வருஷமாகத் தோஹாவில். நானும் ரிப்காவும் பெரிய அறையில் ஒரே கட்டிலில் படுத்தோம். படுக்க இடம் இருந்துகொண்டேயிருந்ததால், இடம் போகும் என்று மண்டையில் ஏறவில்லை. வாப்பாவும் உம்மாவும் ஒதுங்கிய, உம்மா கண்மூடிய அறை அது என்று எனக்குத் தெரியும். நானும் ஒருநாள் ஒதுங்கவேண்டியவள் என்பதுதான் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கத்தை மறந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

முதல் சம்மட்டி அடி விழுந்ததும் ஸில்மியா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"உம்மா மௌத்தான அற இது! ஒங்களுக்கு நெஞ்சில ஈரம் இல்லையா?"

"உம்மா மௌத்தான அறயெல்லாம் வெச்சிப் பாத்தா ஊருல ஊடு மிஞ்சாது. போ அங்கால."

"றாத்தா, செல்றதக் கேளுங்க. அந்த அற நாளைக்கி ஒங்களுக்குத்தான் தேவப்படும்."

"எனக்கு எதுக்கு? கோழி வளக்கவா? அதுக்கு உன்ட பின்னற இரிக்கே, கோழிக்கூடு மாதிரி!"

வேலையாட்கள் சிரித்தார்கள். ஸில்மியா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். பிறகு வெறுங்காலோடு திரும்பிப் போனாள். ஐந்து மாதம் நாங்கள் பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஐலண்ட் வந்தது. லாம்பு மூன்றும் தொங்கின. வாசலில் நின்றால் பின் மதில் வரை ஒரே வெளி. வீடியோ அனுப்பிய அன்றே சித்தி நபீஸா வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

சாச்சி, அதாவது பெண்ணின் தாயுடைய தங்கச்சி, இல்லாமல் சம்பந்தம் பேச ஏலாது. உம்மா இல்லாத வீட்டில் அந்த இடத்தில் இருக்கவேண்டியவள் ஸில்மியாதான். நான் போய்க் கூப்பிடமாட்டேன் என்று ரிப்காவை அனுப்பினேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். நல்ல சாரி உடுத்து, ஒரு மூலைக் கதிரையில் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சித்தி நபீஸா இரண்டு பெண்களோடு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஐலண்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். "இது அந்தக் கொழும்புப் புள்ள போட்ட டிசைன்தானே?" என்றபோது எனக்கு ஆகாயத்தில் நிற்பது போலிருந்தது. ஸில்மியா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். கேட்டாயா என்ற பார்வை. அவள் வட்டிலப்பத்தை வெட்டித் தின்றுகொண்டிருந்தாள்.

சித்தி நபீஸா பெரிய அறைக்குள் போய் வந்தார். டிரெஸிங் ரூமுக்குள் தலையை நீட்டினார். குசினியைத் தாண்டிப் பின்கதவு வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"மாஷா அல்லாஹ், ஊடு வடிவா இரிக்கி. எங்களுக்குச் சம்மதம். ஒண்டு கேக்கணும் தங்கச்சி, பிழயா எடுக்காதீங்க. புள்ளயளுக்கு அந்தப் பெரிய அற. அப்ப நீங்க எங்க இரிப்பீங்க?"

டிரெஸிங் ரூமுக்குக் கதவு இல்லை, அலுமாரிகளுக்கு நடுவில் பாய் விரிக்கவும் இடமில்லை. கண் தானாகப் பின்னால் போனது. அங்கே ஐலண்ட் இருந்தது. ரிப்கா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் நான்காவது வீடாக என் வீடும் போய்விடும் என்று அந்தப் பார்வையில் இருந்தது. உம்மா பாவம் என்பது அதில் இல்லை.

"அவவா?" என்றாள் ஸில்மியா, வட்டிலப்பத் தட்டைக் கீழே வைத்து. "எங்கட ஊட்டுப் பின்னறயிலதான். பத்து நாளைக்கி முந்தியே கழுவிக் காயவெச்சிரிக்கன்."

சித்தி நபீஸா சந்தோஷப்பட்டார். தங்கச்சி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப்போல் ஒரு பாரத்தை நான் தூக்கியதில்லை. அவள் எனக்கு இடம் தரவில்லை. ஐந்து மாதம் வாயைப் பூட்டிக்கொண்டு அந்த ஒரு வசனத்துக்காகக் காத்திருந்தாள். சம்பந்தக்காரர்களுக்கு முன்னால், மறுக்க முடியாத இடத்தில் வைத்துச் சொன்னாள். அவள் வாயால்தான் என் மகளின் கல்யாணம் நிச்சயமானது என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

நிக்காஹ் முடிந்த மறுநாள் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு அவள் படி ஏறினேன். வாசலில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்க. கோழிக்கூட்டுக்கு வாங்க."

அறையில் ஒரு கட்டில், ஒரு குண்டு பல்ப், பூசியும் பூசாத சீமெந்துச் சுவர். நான் கொண்டுபோன கண்ணாடியை மாட்ட ஆணியும் சுத்தியலும் எடுத்தபோது பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஒரு ஆணியும் அடிக்கப்படாது. ஒண்டும் ஒட்டப்படாது. இது என்ட ஊடு."

கண்ணாடி இன்னும் தரையில் சாய்ந்து கிடக்கிறது. தலை சீவ நான் குந்தி இருக்கவேண்டும். குளியலறைக்குப் போக அவள் குசினியைத் தாண்டவேண்டும். அவள் புருஷன் மஜீட் மச்சான் அங்கே இருந்தால், நான் முக்காட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் இன்னொரு பிளேன்டீக்குச் சொல்லியிருப்பார். நஸீர் லீவில் வந்து அந்தக் கட்டிலில் பத்து நாள் படுத்தார். முதுகு நோ என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

போன மாதம் கொழும்புக்காரி புது வீடியோ போட்டாள். ஓபன் கிச்சன் முடிந்ததாம். பொரிச்ச மீன் மணம் திரைச்சீலையில் ஏறுகிறதாம். ஒதுங்க ஒரு மூலை இல்லையாம். மனிதருக்கு ஒரு கதவு வேண்டுமாம், எல்லோரும் திரும்பவும் சுவர் எழுப்புகிறார்களாம். கோப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். நேரில் கண்டால் அந்தக் கோப்பையைப் பிடுங்கி அவள் தலையில் ஊற்றுவேன்.

நான்கு நாள் கழித்துக் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து உடைக்கிற சத்தம் வந்தது. போய்ப் பார்த்தேன். ஐலண்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது. மேசன் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. உம்மாவின் அறை நின்ற அதே இடத்தில், அதே அத்திவாரத்தின் மேல்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கென்றுதான் நினைத்தேன். என் வயிற்றில் பிறந்தவள் எனக்கு ஒரு அறை கட்டுகிறாள் என்று நினைத்தேன். கண் நிறைந்துவிட்டது. ஸில்மியாவை இழுத்துவந்து காட்டவேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது.

"ஆருக்கு, மகள், இந்த அற?"

"அவங்களுக்கு, உம்மா. ஒன்லைன்ல கிளாஸ் எடுக்க ஓபன் ஊட்டுல ஏலாதாம். ஒரே சத்தமாம்." ரிப்கா பெயின்ட் அட்டையை என் கையில் வைத்தாள். "என்ன கலர் அடிக்கிற? ஒங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. அட்டையைக் கிழித்து எறிந்திருக்கவேண்டும். எறியவில்லை. ஒன்றொன்றாகப் பார்த்துக் களிமண் நிறம் ஒன்றைத் தொட்டேன்.

"இது. பின்னேர வெயில் நேர விழுற அற. வெள்ள அடிச்சாக் கண்ணு கூசும்."

சொன்ன பிறகுதான், அது எனக்கு எப்படித் தெரியும் என்பது உறைத்தது. பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் உம்மா அந்தக் கட்டிலில் முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். வருஷக்கணக்காக அப்படித்தான் படுத்தார். அந்த வருஷங்களில் நான் முன் ஹோலுக்கு எத்தனையோ தடவை திரைச்சீலை மாற்றினேன். கழற்றியதில் ஒன்றைக்கூட உம்மாவின் ஜன்னலில் கட்டவில்லை.

திரும்பி வந்தேன். ஸில்மியா குசினி வாசலில் நின்றாள். சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"ஆருக்காம்?"

"மருமகனுக்கு."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரித்தால் சண்டை பிடிக்க என்னிடம் வார்த்தை தயாராக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய சாரியை எடுத்துவந்து என் கட்டிலில் போட்டாள். தங்கக் கரை வைத்த மெரூன் துணி ஒன்றும் அதோடு விழுந்தது, எப்போதோ நான் கழற்றி வேலியில் எறிந்தது.

"பின்னேர வெயில் இந்த அறக்கும் அடிக்கும். எது வேணுமோ அத ஜன்னலுல கட்டுங்க," என்றாள். "கயிறு போட்டுக் கட்டணும். ஆணி அடிக்கப்படாது."