மண் ஆழமான இடம்

மயானத்தில் குழி வெட்டப் போனவர்கள் கடப்பாரையோடு திரும்பி வந்தபோது கருத்தம்மா கணவன் ராக்கையாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டடிக்கு மேல பாறைதானுங்க," என்றார் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஆறுச்சாமி. "எரிச்சரலாமுங்களா?"

அவள் கை நின்றது.

ராக்கையா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவன். அங்கே சம்மட்டி விழுந்தால் கல்லுக்குள்ளிருந்து நத்தை வரும். சுருள் மாறாமல் கல்லாகவே போன நத்தை. ஒரு காலத்தில் அங்கே கடல் கிடந்தது என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, கடலையே பார்த்திராத அவன் கடலைப் பற்றியே பேசினான். எண்பத்தெட்டில் அவர்கள் தெருவையும் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் பண்டல் தூக்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பாறைக்குழிக்குப் போய்க் கல்லை உடைத்துப் பார்ப்பான்.

"இதுல ஒண்ணுமே இல்ல புள்ள. நத்தையெல்லாம் பொறக்கறதுக்கு முந்தியே வெந்து இறுகுன கல்லு போல."

போன மாதம், இருமல் சற்று அடங்கிய ஒரு மத்தியானம் சொன்னான்: "என்னைய எரிச்சிடாத. மண்ணுல வையி. ஏதாச்சும் மிச்சம் கெடக்கும்."

"கம்முன்னு கஞ்சியக் குடி," என்று அதட்டினாள்.

"எரிக்க வேணாங்க," என்றாள் இப்போது. "அவருக்குப் புடிக்காது."

ஆறுச்சாமி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். அவர் மனைவி பூவாத்தாள்தான் மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, நம்ம தோட்டத்து வேலியோரம் மண்ணு ஆழந்தானுங்களே."

"வேத்தூர் ஆள நம்ம தோட்டத்துல வெச்சா பங்காளிக பேசுவாங்க."

"பேசட்டுமுங்க."

அவர் ராக்கையாவின் எண்ணெய் மினுங்கும் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடப்பாரையைத் தானே எடுத்தார்.

புதைக்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. கருத்தம்மா போனாள், யாரும் தடுக்கவில்லை. குழி இடுப்பளவு இறங்கியது, மார்பளவு இறங்கியது. ஈரச் செம்மண். அவனை உள்ளே இறக்கியதும் அவள் ஒரு பிடி அள்ளி, அவன் முகத்தில் படாமல், நெஞ்சருகே விழும்படி குனிந்து போட்டாள்.

திரும்பியபோது பூவாத்தாள் வாசலில் குடத்தோடு நின்றாள்.

"காலக் கழுவிக்க அம்மிணி."

கருத்தம்மா முகம் கழுவினாள். கை கழுவினாள். பிறகு படியில் உட்கார்ந்து, மண் ஒட்டிய பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்புறமா கழுவிக்கிறேங்க்கா."

பூவாத்தாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.