பண்டிகையை ஒரு நாள் தள்ளி வைத்தவள்

இதில் வருவதெல்லாம் அட்சரம் பிசகாத உண்மை. ஒரு சொல் பொய் என்று நிரூபிக்கிறவர், இதைச் சொல்கிற வாயில் மிச்சமிருக்கும் பற்களில் பிடித்ததைப் பிடுங்கிக்கொண்டு போகலாம்.

மருந்துக்கடைக்காரிக்கு மூன்று பிள்ளைகள். பெரியவன் இரண்டாம் வகுப்பு. நடுவுள்ளவள் இப்போதுதான் பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்கிறாள். கடைசியை வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். கையில் அகப்பட்டதைக் கடிப்பது அவன் தொழில். ஒருமுறை இரும்பு அலமாரியின் கைப்பிடியைக் கடித்தான். காயம் அலமாரிக்குத்தான்.

அவளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் எதுவும் இல்லை. பண்டிகை நாளில், உட்கார்ந்த இடத்தில், ஒரு டம்ளர் டீயைச் சூடாகக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். பெரியவன் பிறந்ததிலிருந்து அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. பண்டிகை தவறாமல் வந்தது. டீயும் தவறாமல் ஆறியது. போன பண்டிகைக்கு ஜன்னலோரம் வைத்து மறந்த டீயில் ஒரு ஈ விழுந்தது. அது சாகவில்லை. ஜலதோஷம் பிடித்துத் தும்மிக்கொண்டே பறந்து போனது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரருக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. அடுத்த வாரம் எந்த மேகம் எங்கே ஒதுங்கும் என்று சொல்லிவிடுவார். தன் பனியன் எங்கே ஒதுங்கியிருக்கிறது என்பதற்கு மட்டும் மனைவியைக் கூப்பிடுவார். அவளோ காலாவதித் தேதி பார்த்துப் பார்த்துக் கண் பழகியவள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் யாருக்கும் நீட்ட மாட்டாள். ஆகவே அந்த வீட்டில் தேதி என்பது அவள் இலாகா. தடுப்பூசி என்றைக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுவது என்றைக்கு, மாமியார் பிறந்தநாள் என்றைக்கு, பண்டிகை என்றைக்கு, எல்லாம் அவள் சொன்னால் சொன்னதுதான். கைபேசியில் இருக்குமே என்று கேட்பவர்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள். மனைவி சொல்லிவிட்ட பிறகு எந்தக் கணவனும் கைபேசியைக் கேட்பதில்லை.

போன வருஷம் வீட்டுக்காரர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். "இந்தப் பண்டிகைக்கு நீ ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

அவளும் நம்பிப் படுத்தாள். தலையணையில் தலை பதிவதற்குள் கதவு திறந்தது.

"ஏம்மா, உப்பு எங்க இருக்கு? எழுந்துக்காத. படுத்துக்கிட்டே சொல்லு."

சொன்னாள்.

"அங்க சர்க்கரைதான் இருக்கு. போட்டும் பார்த்துட்டேன். நீ படு. குழம்பை மட்டும் என்ன பண்றதுன்னு சொல்லிட்டுப் படு."

அதற்கும் சொன்னாள்.

"புதுச் சட்டை எது யாரோடதும்மா? பெரியவனுக்குத் தலை நுழைய மாட்டேங்குது. எழுந்துக்காதன்னு சொல்றேன்ல. சுண்டெலி எதையோ முழுங்கிட்டான். நீ படு. என்னத்தை முழுங்கினான்னு மட்டும் ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் படு."

சாயங்காலம் வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்: "இன்னைக்கு இவளுக்குப் பூரா ரெஸ்ட்டு." வந்தவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். அவள் நான்காவது தடவையாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

இது போதாதென்று நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. பண்டிகைக்குப் பண்டிகை சமையல் முடிகிற நேரம் பார்த்து, மூக்கில் வேர்த்த மாதிரி வந்துவிடுவாள். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார்வாள். அவள் எழுந்திருக்கும்போது பண்டிகை முடிந்திருக்கும். இடையில் ஒரே பாட்டுத்தான்: "எங்க காலத்துல நாலு பிள்ளைங்களை இடுப்புல வெச்சுக்கிட்டு நாப்பது பேருக்குச் சமைச்சோம். மூச்சு விட்டிருப்போமா?" நாலு பிள்ளைகள் எப்படி ஒரே இடுப்பில் நின்றன என்று கேட்க மருந்துக்கடைக்காரிக்கு நாக்கு வரை வரும். உதட்டைத் தாண்டியதில்லை.

இந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இந்த வருஷமும் நீ ரெஸ்ட் எடுத்துக்க. நாளைக்கு எல்லாம் நான்..."

அவளுக்குப் போன வருஷத்துக் குழம்பு கண்முன் வந்தது. பயத்தில் மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள். மரத்தில் ஏறுவார்கள், கிணற்றில் குதிப்பார்கள். அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பண்டிகை நாளைக்கு இல்லீங்க. நாளன்னைக்கு."

"நாளைக்குன்னுதானே ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க?"

"அவங்க யாராச்சும் மருந்துக்கடையில வேலை பார்க்கறாங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"அப்புறம் என்ன?"

அத்தோடு பண்டிகை ஒரு நாள் தள்ளிப் போனது.

மறுநாள் காலையில் தெரு முழுக்க விளக்குச் சரம். எதிர்வீட்டில் பாட்டு. வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "சரியான அவசரக்குடுக்கைங்க. ஒரு நாள் பொறுக்க மாட்டேங்கறாங்க பாரு."

நடுவுள்ளவள் பள்ளிக்கூடப் பையோடு நின்று கேட்டாள்: "அம்மா, பக்கத்து வீட்டுப் பாப்பா புதுச் சட்டை போட்டிருக்காளே?"

"அவளோட பழைய சட்டை எல்லாம் தொலைஞ்சு போச்சு, கண்ணு."

"எல்லாமேவா?"

"ஜட்டி உள்பட."

"நீ கடைக்குப் போகலையா?" என்றார் வீட்டுக்காரர்.

"நாளைக்குப் பண்டிகையை வெச்சுக்கிட்டு இன்னைக்கு லீவு போட்டாத்தானே அடுப்பைப் பத்த வைக்க முடியும்?"

நியாயம்தான் என்று பட்டது அவருக்கு. மூன்றையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று குழந்தைகள் காப்பகத்துக்கு. அவள் தன் கைபேசியை மாவு டப்பாவுக்குள் புதைத்து மூடியை இறுக்கினாள்.

வீடு அமைதியானது. சாதாரண அமைதி இல்லை. சுவர்க் கடிகாரம் முதன்முதலாகத் தன் சத்தத்தைத் தானே கேட்டுவிட்டு, பயந்து கொஞ்ச நேரம் நின்றே போனது. அவள் பாலைக் காய்ச்சினாள். தூள் போட்டாள். பொங்கும் வரை பக்கத்திலேயே நின்றாள், யாரும் கூப்பிடவில்லை. வடிகட்டி டம்ளரில் ஊற்றினாள். ஆவி எழுந்து அவள் மூக்கு வரை வந்து, ஆளைப் பார்த்து, அடையாளம் தெரியாமல் திரும்பிப் போனது.

டம்ளரை எடுத்துக்கொண்டு மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் அந்த நாற்காலிக்குப் போனாள். விருந்தாளி மாதிரி முதலில் நுனியில் உட்கார்ந்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்தாள். டம்ளரை வாய்க்குக் கொண்டு போனாள்.

வாசல் மணி அடித்தது.

நாத்தனார் நின்றாள். கதவு தாழ்போடாமல் இருந்ததால் மணி அடித்த கையோடு உள்ளேயே வந்துவிட்டாள். தன் நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். அடுப்பில் பால் பாத்திரம் தவிர எதுவும் இல்லை. தரையில் எதுவும் இல்லை.

"எங்கடி எல்லாரும்?"

"பள்ளிக்கூடம், ஆபீஸ்."

"பண்டிகை அன்னைக்கா?"

"பண்டிகை நாளைக்கு, அண்ணி."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பது பேருக்குச் சமைத்தவள். அவளிடம் பருப்பு வேகாது. மருந்துக்கடைக்காரி டம்ளரை இறுகப் பிடித்தாள். ஒரு போன் போட்டால் போதும். தம்பி, பிள்ளைகள், பண்டிகை மூன்றும் வந்து இறங்கிவிடும். டம்ளரின் சூடு விரல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"என் தம்பி நம்பிட்டானா?"

"நம்பிட்டாரு."

"நம்புவான். அவன் மேகத்தையே நம்பறவன்." நாத்தனார் பையைக் கீழே வைத்தாள். "உனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு இது தோண. நான் எதுக்குடி பண்டிகைக்குப் பண்டிகை இங்க வர்றேன்னு நினைச்ச? உன் சமையலுக்கா?"

"இல்லையா, அண்ணி?"

"எங்க வீட்டுல தம்பி பொண்டாட்டிக்கு ஒத்தாசைக்குப் போறேன்னு சொல்லிட்டு வர்றேன். பாவம், சின்னப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு ஒண்டியா அல்லாடறா, போகாம இருக்க முடியுமான்னு கேப்பேன். எங்க வீட்டுக்காரர் என்னைத் தியாகின்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."

மருந்துக்கடைக்காரி இத்தனை வருஷமும் பரிமாறியதை ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். கேட்க நிறைய இருந்தது. கேட்டால் டீ ஆறிவிடும்.

நாத்தனார் வழக்கமான குரலில் சொன்னாள்: "சரி, எனக்கும் ஒரு டம்ளர் போடு."

அவள் கால்கள் தாமாக எழப் பார்த்தன. பழகிய கால்கள், சொல்லிக் குற்றமில்லை. இடது கால் பாதி வழி போயேவிட்டது. அவள் அதைத் திரும்பக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பால் அடுப்புமேல இருக்கு, அண்ணி. டம்ளர் மேல் தட்டுல."

அந்த நேரம் பார்த்துப் பூமி சுற்றுவதைக் கொஞ்சம் நிறுத்தியது. எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகூட அசையவில்லை. பிறகு நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

"சர்க்கரை எங்கடி?"

"தேடுங்க, அண்ணி. நாப்பது பேருக்குச் சமைச்ச கைதானே."

இதற்கிடையில் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பூட்டைப் பார்த்தார். காப்பகத்தில் இன்னும் பெரிய பூட்டைப் பார்த்தார். இவர்களும் அவசரக்குடுக்கைகள்தான் என்று முடிவு கட்டி, மூன்று பிள்ளைகளோடும் வானிலை அலுவலகத்துக்கே போனார். அங்கே பண்டிகை நாள் டியூட்டியில் தனியாக மாட்டிக்கொண்டிருந்த ரேடார்காரர் அவரைக் கண்டதும் கண்கலங்கிவிட்டார். "பண்டிகை அன்னைக்கு, அதுவும் பிள்ளைங்களோட, எனக்காக வந்திருக்கீங்களே சார். உங்களை மாதிரி ஒருத்தர் உண்டா?" பதில் வருவதற்குள் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினார். வானத்தை அநாதையாக விட்டுவிட்டு வர முடியுமா? வீட்டுக்குப் போன் போட்டார். மாவு டப்பாவுக்குள் மணி அடித்தது. மாவுக்கு மட்டும் கேட்டது.

நாத்தனார் ஒருவழியாகத் தன் டீயோடு வந்து, எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தம்பியின் ஆபீசிலிருந்து நேரடியாக ஒலிபரப்பாகும் வானிலை அறிக்கையைக் கேட்காமல் அவளுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. அலமாரி மேலிருந்த ரேடியோவைத் திருப்பினாள்.

"வணக்கம்," என்றது ரேடியோ. பெரியவன் குரல். "இன்னைக்கு மழை வரும். வராட்டியும் பரவால்ல."

"காத்து ரொம்ப அடிக்கும்," என்றது இன்னொரு குரல். "ஏன்னா நான் அந்தக் காத்து அளக்கற சக்கரத்தை ஊதிட்டேன்."

நாத்தனாரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோவில் ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு வீட்டுக்காரர் குரல், ஊருக்கே கேட்கும்படி, அழாத குறையாக வந்தது.

"டேய், அதைத் தொடாத. ஏம்மா, நீ கேக்கறியா? போனை எடும்மா. சுண்டெலி எதையோ முழுங்கிட்டான். மழை அளக்கற ஜாடியோட மூடியைக் காணோம்."

மருந்துக்கடைக்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். பாதிகூடக் குடிக்கவில்லை. எழுந்துவிட்டாள். இத்தனை திட்டமும் இத்தனை பொய்யும் இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டே மாவு டப்பாவைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"முழுங்கல, அப்பா," என்றது நடுவுள்ளவள் குரல். "மூடி என் பையில இருக்கு. அவன் உன் பேனாவைத்தான் கடிச்சுக்கிட்டிருக்கான்."

அவள் நின்றாள். திரும்பினாள். டம்ளரின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நாத்தனார் எதிரே அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பிற்பகல் ஊரில் காற்று சுழற்றியடித்து, மழை கொட்டித் தீர்த்தது. அந்த அலுவலகம் அந்த வருஷம் வெளியிட்ட அறிக்கைகளில் பலித்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து வந்தார். தோளில் சுண்டெலி, பின்னால் மற்ற இரண்டு, சட்டைப் பையில் பாதிப் பேனா. மூன்றாம் மாடிவரை மூட்டை சுமந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

"ஆபீஸ்ல எப்படி?" என்றாள் அவள்.

"வழக்கம்போலத்தான்." அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "ஏம்மா, பண்டிகை நாளைக்குத்தானா? நல்லாப் பார்த்துச் சொல்லு. இன்னும் ரெண்டு நாள் தள்ள முடியாதா?"

"நாளைக்குத்தாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

"உப்பு எங்க இருக்குன்னு மட்டும் இப்பவே காட்டிடு," என்றார் அவர். "நாளைக்கு உன்னைக் கூப்பிட மாட்டேன்."

அந்த ஊரில் மருந்துக்கடைகளுக்குப் பண்டிகை அன்று விடுமுறை கிடையாது. அவள் டீ குடித்ததாகச் சொன்ன அன்றைக்கும் கடை திறந்ததிலிருந்து மூடும் வரை கவுண்டரில்தான் நின்றுகொண்டிருந்தாள். பல் வேண்டுகிறவர் வரலாம்.